மெத்தோட்ரெக்ஸேட் ஓடும்போது செப்ட்ரான் போடலாமா? வெள்ளையணு ஏன் ஏறியிருக்கிறது?

புளியமரம்:
அம்மாவுக்கு 61 வயது, முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுநோய்). ஐந்து மாதமாக மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. ஞாயிறு இரவு மட்டும், ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. செவ்வாயும் வியாழனும், பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 10 மி.கி. தினமும் காலை. இரண்டு நாளாக நீர்க்கடுப்பு, லேசான காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் செப்ட்ரான் டி.எஸ். என்ற ஆன்டிபயாடிக் காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாளை ஞாயிறு.

சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை): வெள்ளையணு 12,400, அதில் நியூட்ரோஃபில் வகை 84%, லிம்போசைட் வகை 11%, பிளேட்லெட் 2.1 லட்சம். மெத்தோட்ரெக்ஸேட்டை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்றுதானே கொடுக்கிறார்கள், அப்புறம் வெள்ளையணு எப்படிக் கூடும்? செப்ட்ரானைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

அரைமாத்திரை:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். இன்றைக்கே மூட்டுநோய் டாக்டரிடமோ, எழுதிக்கொடுத்தவரிடமோ மெத்தோட்ரெக்ஸேட் ஓடுகிறது என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

செப்ட்ரான் டி.எஸ்.ஸில் சல்ஃபாமெத்தாக்ஸசோல் 800 மி.கி., டிரைமெத்தோபிரிம் 160 மி.கி. இருக்கின்றன. செல் பெருகுவதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும்; மெத்தோட்ரெக்ஸேட் அடைக்கிற அதே ஃபோலேட் பாதையை டிரைமெத்தோபிரிமும் அடைக்கிறது. போதாக்குறைக்கு, சிறுநீரகம் மெத்தோட்ரெக்ஸேட்டை வெளியேற்றும் வழியிலும் இந்தக் கூட்டுமருந்து குறுக்கே நிற்கும். உள்ளே மருந்து தேங்கி, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். வாரம் ஒருமுறை சாப்பிடும் சின்ன டோஸிலேயே இப்படி நடந்து உயிர் போயிருக்கிறது. முதலில் வாய்ப்புண் வரும். பிறகு வெள்ளையணு, பிளேட்லெட், ஹீமோகுளோபின் மூன்றும் சேர்ந்து இறங்கும்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் யூரின் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுத்துவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்றவை இருக்கின்றன; ஆனால் காய்ச்சல் இருப்பதால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் தேர்ந்தெடுக்க வேண்டும். தொற்று அடங்கி ஆன்டிபயாடிக் முடியும் வரை மெத்தோட்ரெக்ஸேட்டைத் தள்ளிவைப்பதுதான் வழக்கம், நாளை டோஸைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் மூட்டு உடனே முறுக்கிக்கொள்ளாது. பிரெட்னிசோலோன் கதை வேறு. ஐந்து மாதம் சாப்பிட்டபின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், காய்ச்சல் நேரத்தில் அதை நிறுத்தினால் பிரஷர் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

எலும்புமஜ்ஜை:
12,400-க்குப் பாதிக் காரணம் அந்த பிரெட்னிசோலோனாக இருக்கலாம். நியூட்ரோஃபிலில் ஒரு பெரும்பகுதி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் வராது. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தெருவில் இறங்கினால் ஊரில் கூட்டம் கூடிவிட்டது போலத் தெரியுமே, அதுதான். சுவரைப் பிடிக்க முடியாததால் தொற்று இருக்கும் திசுவுக்குள் அவை சரியாக நுழைவதும் இல்லை. எண்ணிக்கை ஏறும், காவல் குறையும். லிம்போசைட் 11% ஆக இறங்கியிருப்பதும் ஸ்டீராய்டு செய்கிற வேலைதான்.

ஆனால் காய்ச்சலும் கடுப்பும் இருக்கும்போது எல்லாப் பழியையும் ஸ்டீராய்டு மேல் போட்டுவிடக் கூடாது. பழைய சிபிசி ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள்; மூன்று மாதமாகவே 11,000, 12,000 என்று இருந்தால் ஒரு மாதிரி, 7,000-லிருந்து குதித்திருந்தால் வேறு மாதிரி. ஸ்மியரில் (ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பேண்ட் செல் (முதிராத நியூட்ரோஃபில்), டாக்ஸிக் கிரானுலேஷன் (நியூட்ரோஃபிலுக்குள் கரும்புள்ளிகள்) என்று எழுதியிருந்தால் தொற்றுப் பக்கம் சாயலாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை இங்கே அவ்வளவாக உதவாது, முடக்குவாதத்திலேயே அது ஏறும்.

கடைசிபெஞ்ச்:
தெரியாமல் கேட்கிறேன். ஃபோலேட்டை அடைக்கிற மருந்தையும் கொடுத்து, ஃபோலிக் ஆசிடையும் கொடுத்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடாதா?

எலும்புமஜ்ஜை:
மெத்தோட்ரெக்ஸேட்டைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய டோஸில் செல் பெருகுவதைத் தடுப்பதுதான் குறி. வாரம் 7.5 முதல் 25 மி.கி. வரையிலான டோஸில் வேலை பெரும்பாலும் வேறு வழியில் நடக்கிறது: அடினோசின் என்ற உடம்பின் இயற்கைப் பொருள் செல்லுக்கு வெளியே கூடி, அழற்சி செல்களை அடக்குகிறது. அதனால் ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் வாய்ப்புண், குமட்டல், ஈரல் என்சைம் ஏறுவது எல்லாம் குறையும். மூட்டுக்குக் கிடைக்கும் பலன் பெரிதாகக் குறையாது.

ஒரு துணுக்கு: இந்த மருந்துக் குடும்பம் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவிலிருந்து வந்தது. இதன் அண்ணனான அமினோப்டெரினை 1947-48-இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988-இல்தான்.

தவறுதலாக அதிக டோஸ் போய்விட்டால் வீட்டிலிருக்கும் ஃபோலிக் ஆசிடை அள்ளிக் கொடுப்பது வீண். அது வேலை செய்யும் வடிவத்துக்கு மாற, மெத்தோட்ரெக்ஸேட் அடைத்துவைத்திருக்கும் அதே என்சைம் வேண்டும். மருத்துவமனையில் கொடுக்கும் லூக்கோவொரின் அந்தப் படியைத் தாண்டிப் போகும்.

அரைமாத்திரை:
டோஸ் தவறு என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். ஃபோலிட்ராக்ஸ் என்றால் மெத்தோட்ரெக்ஸேட், ஃபோல்வைட் என்றால் ஃபோலிக் ஆசிட். பெயர் இரண்டும் "ஃபோல்" என்றே தொடங்கும், மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள்தான். கண்ணாடி போடாமல் எடுத்தால் போச்சு. இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் அட்டையில் "ஞாயிறு மட்டும்" என்று மார்க்கரால் எழுதுங்கள். 2.5 மி.கி. மாத்திரை என்றால் 15-க்கு ஆறு வேண்டும். கடையில் 15 மி.கி. மாத்திரையாக மாற்றிக் கொடுத்த வாரம் பழக்கத்தில் ஆறு விழுங்கினால் 90 மி.கி.

புளியமரம்:
நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன், செப்ட்ரான் வேண்டாம், நாளை மெத்தோட்ரெக்ஸேட்டும் வேண்டாம் என்றார். கல்ச்சர் கொடுத்தாகிவிட்டது. பிறகு எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? சித்தி சீந்தில் சூரணம் கொடுக்கச் சொல்கிறார், அது?

எலும்புமஜ்ஜை:
வெள்ளையணு 3,500-க்குக் கீழ், நியூட்ரோஃபில் 1,600-க்குக் கீழ், பிளேட்லெட் 1.4 லட்சத்துக்குக் கீழ், எஸ்ஜிபிடி (ஈரல் என்சைம்) 100-க்கு மேல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த அளவு) பழைய அளவைவிட 30% கூடுதல். இதில் எது வந்தாலும் அடுத்த டோஸுக்கு முன் போன் போடுங்கள். வாந்தி பேதியில் உடம்பு வற்றினாலும் அப்படியே, சிறுநீரகம் மந்தமானால் மருந்து தேங்கும். வறட்டு இருமலோடு மூச்சு வாங்கினால் போனெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனை.

சீந்தில் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றுதான் அதைக் கொடுக்கிறார்கள், இங்கே நோயே தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்திதான். அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஈரலைக் கண்காணித்துக்கொண்டே மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கும் இடத்தில் இது தேவையில்லாத வம்பு.