"பெரிய வீட்டுப் பிள்ளைகள்" வாட்ஸ்அப் குழு: வசந்தா அத்தை வீட்டுக்கு ஒரு கட்டில்

(பெயர்கள் என் போனில் பதிந்திருக்கிறபடி)

வசந்தா அத்தை: எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் வளரப் போகிற பிள்ளை திங்கட்கிழமை வருகிறாள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. மாடியில் கிடந்த சின்ன இரும்புக் கட்டில் யாரிடம் இருக்கிறது?

கார்த்தி அண்ணன்: வந்துவிட்டதா!! சூப்பர் அத்தை

ரேவதி சித்தி: எந்தப் பிள்ளை?

சரோஜா பெரியம்மா: கட்டில் தச்சநல்லூர் போனது. மீனா பிரசவத்துக்கு.

மீனா அக்கா: அம்மா, என் பிரசவத்துக்கு இல்லை. கார்த்தி கல்யாணத்தில் பெண் வீட்டாருக்குப் போட எடுத்தது. அப்புறம் திரும்பி வரவே இல்லை.

கார்த்தி அண்ணன்: இந்த வீட்டில் எது தொலைந்தாலும் என் கல்யாணத்தில்தான் தொலையும்

சரோஜா பெரியம்மா: வெள்ளிக் குத்துவிளக்கு அங்கேதான் தொலைந்தது. நான் யாரையும் சொல்லவில்லை.

செல்வம் சித்தப்பா: அக்கா, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். வீடு நம் நாலு பேர் பெயரில் இருக்கிறது.

வசந்தா அத்தை: பொங்கலன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன் செல்வம். வீட்டைப் பார்க்க அதிகாரிகள் வருவார்கள் என்றும் சொன்னேன். நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாய்.

நான்: ஆமாம் சித்தப்பா, ஆட்டினீர்கள் 😄

மணி பெரியப்பா: செல்வம், தத்து வேறு, இது வேறு. விளக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் கடைசி வரை படிக்கவும். (பாகம் 1) இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44. சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளையை இல்லத்திலேயே விட்டுவிடாமல், ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் குழு உத்தரவு போடும். இதைத்தான் ஃபாஸ்டர் கேர் என்கிறார்கள். ஒரு தாய்ப் பிள்ளைகள் என்றால் முடிந்தவரை பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்கப் பார்ப்பார்கள். படிப்பு, சாப்பாடு, வைத்தியம் நம் பொறுப்பு. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மாதாமாதம் ஆய்வு உண்டு. பெற்றவர்கள் வந்து பார்க்கவும் குழு அனுமதிக்கலாம், நிலைமை சரியானால் பிள்ளை அவர்களிடமே திரும்பிப் போகும். சொத்தில் பங்கு, வாரிசுச் சான்றிதழ் எதுவும் இதில் கிடையாது. முன்பு கணவன் மனைவியாக இருந்தால்தான் கொடுப்பார்கள். 2024 வழிகாட்டுதலில் மத்திய அரசு அதை மாற்றியது. கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர் என்று தனியாக இருப்பவரும் 35 வயது ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். தனி ஆண் என்றால் ஆண் பிள்ளை மட்டும்தான். தொடரும்.

கார்த்தி அண்ணன்: 👍

மீனா அக்கா: 👍

அம்மா: படித்தேன் அத்தான்.

செல்வம் சித்தப்பா: சரி, பங்கு இல்லை என்றால் எனக்கு ஒன்றும் இல்லை. நான் அதற்காகக் கேட்கவும் இல்லை.

மணி பெரியப்பா: (பாகம் 2) ஒரு குடும்பத்தில் 2 ஆண்டு வளர்ந்த பிள்ளை, சட்டப்படி தத்துக்கு உரியவள் ஆகிவிட்டால், அந்தக் குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு 5 ஆண்டு என்று இருந்தது. 2024இல் குறைத்துவிட்டார்கள்.

செல்வம் சித்தப்பா: ஆக, இரண்டு வருடத்தில் பங்கு வரும்.

சரோஜா பெரியம்மா: உங்களை யார் இரண்டாம் பாகம் போடச் சொன்னது

வசந்தா அத்தை: செல்வம், அவளுக்கு அம்மா இருக்கிறாள். தத்துப் பேச்சே இப்போது இல்லை. அந்த அம்மா எழுந்து நிற்கிற வரைக்கும் இங்கே இருப்பாள்.

ரேவதி சித்தி: அம்மா இருக்கும்போது ஏன் மதினி நம் வீட்டில்? அம்மாவுக்கு என்ன? எந்த ஊர்? எந்த ஆட்கள்?

வசந்தா அத்தை: நாலாம் வகுப்பு. புளியோதரை பிடிக்கும். கணக்குப் பிடிக்காது.

அம்மா: ரேவதி, "எந்த ஆட்கள்" என்றால்?

*ரேவதி சித்தி ஒரு செய்தியை நீக்கினார்*

ரேவதி சித்தி: சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன் அக்கா. உடனே பிடித்துக்கொள்வீர்களே.

மீனா அக்கா: ஆச்சி படுக்கையில் கிடந்தபோது யார் பார்த்தது, அவருக்கு இந்த வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள நாலு பேர் கையெழுத்து வேண்டுமா என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. நானும் சும்மாதான்.

செல்வம் சித்தப்பா: பெரியவர்கள் பேசும்போது நீ வராதே மீனா.

மீனா அக்கா: எனக்கு 41 வயது சித்தப்பா

கார்த்தி அண்ணன்: 🍿

மணி பெரியப்பா: கார்த்தி, அது என்ன படம்?

வசந்தா அத்தை: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கட்டில். ஒரு ரப்பர் ஷீட். வியாழக்கிழமை எனக்கு சுகர் செக்கப், காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டும். அவளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் யாரும் அவளிடம் "உன் அம்மா எங்கே, அப்பா எங்கே" என்று கேட்கக் கூடாது. "பாவம்" என்று கன்னத்தைத் தடவவும் வேண்டாம்.

நான்: புதன் ராத்திரியே வந்துவிடுகிறேன் அத்தை. இட்லி ஊற்றிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆபீஸ் போவேன்.

வசந்தா அத்தை: சரி கண்ணு. செவ்வாய்க்கிழமையும் ஒரு தடவை வந்து போ. புது முகம் வீட்டில் ராத்திரி படுத்தால் பயப்படுவாள்.

சரோஜா பெரியம்மா: ரப்பர் ஷீட் என்றால் படுக்கையில் போகிறாளா? நம் பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டினால் மூன்றே நாளில் நிற்கும். கார்த்திக்கு நின்றது.

கார்த்தி அண்ணன்: அம்மா!!!

மீனா அக்கா: 😂😂😂

வசந்தா அத்தை: போகிறாள் என்று சொல்லவில்லை மதினி. இடம் மாறுகிற பிள்ளை, போகலாம் என்று சொன்னார்கள். கயிறெல்லாம் வேண்டாம். இன்னொன்றும் சொன்னார்கள். சாப்பாட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாளாம். முறுக்கு, பிஸ்கட், சில நாள் இட்லி கூட.

சரோஜா பெரியம்மா: எறும்பு வருமே

வசந்தா அத்தை: வரட்டும். ராத்திரி பசித்தால் கிடைக்காது என்று பழகின பிள்ளை. அதைத் திருட்டு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், தலையணையைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். மூடி போட்ட டப்பா ஒன்றில் பிஸ்கட் போட்டு அவள் கட்டில் பக்கத்திலேயே வைக்கப் போகிறேன். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. காலியானால் நான் நிரப்பிவிடுவேன்.

அம்மா: டப்பா நான் தருகிறேன் வசந்தா. பெரிசாகவே இருக்கிறது.

சரோஜா பெரியம்மா: முறுக்கு நான் சுற்றித் தருகிறேன். காரம் இல்லாமல்.

மீனா அக்கா: அத்தை, பள்ளியை இப்போது மாற்றாதீர்கள். முழு ஆண்டுப் பரீட்சை வருகிறது. டீச்சரையும் சேர்த்து மாற்றினால் பிள்ளைக்குப் பிடிமானமே இருக்காது. ஆட்டோ வைத்துக்கொள்ளலாம், ஜூனில் பார்ப்போம்.

வசந்தா அத்தை: நானும் அதையேதான் குழந்தைகள் நலக் குழுவில் சொன்னேன். ஆட்டோவுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

செல்வம் சித்தப்பா: செலவெல்லாம் யார்?

மணி பெரியப்பா: (பாகம் 3) மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கேட்டால் சொல்வார்கள். நான் கருவூலத்தில் இருந்த காலத்தில்

மணி பெரியப்பா: கை பட்டுப் போய்விட்டது. நான் கருவூலத்தில் இருந்த காலத்தில் எந்த உதவித்தொகையும் முதல் மாதமே வந்து நான் பார்த்ததில்லை. அதை நம்பிக் கணக்குப் போடாதே வசந்தா. ஆட்டோ வாடகை ஜூன் வரைக்கும் நான் தருகிறேன்.

வசந்தா அத்தை: சரி அண்ணே.

சரோஜா பெரியம்மா: என்னிடம் கேட்கவே இல்லை. பரவாயில்லை, கொடுங்கள்.

கார்த்தி அண்ணன்: இருக்கிற கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் வேன் 12 சீட்டா 17 சீட்டா? வேன்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

ரேவதி சித்தி: நாங்கள் 4

மீனா அக்கா: 3. என் மாமியார் வந்தால் 4.

சரோஜா பெரியம்மா: உன் மாமியார் போன வருடம் முன் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நான்: நானும் அம்மாவும். அத்தை, நீங்கள் 2 தானே?

வசந்தா அத்தை: கூட்டி வரலாமா என்று ஆபீசரிடம் கேட்க வேண்டும். அவளிடமும் கேட்க வேண்டும். இத்தனை பேரை ஒரே நாளில் பார்த்தால் மிரண்டுவிடுவாள். இப்போதைக்கு 1 என்று போடு, 2 ஆகலாம்.

செல்வம் சித்தப்பா: கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும்போது கேட்பார்களே, அது யார் பிள்ளை என்று.

அம்மா: எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை என்று சொன்னால் போகிறது.

மணி பெரியப்பா: வரி தலைக்கட்டுக்குத்தான், பிள்ளைகளுக்குக் கிடையாது. 1987இல் இதே பிரச்சினை வந்தபோது அப்பா

கார்த்தி அண்ணன்: அப்பா, 1987 அப்புறம். 12ஆ 17ஆ?

ரேவதி சித்தி: மதினி, பிள்ளை வந்ததும் ஒரு போட்டோ போடுங்கள். நானும் பார்க்கிறேன்.

வசந்தா அத்தை: போட்டோ கிடையாது ரேவதி. இந்த வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம், ஸ்டேட்டஸிலும் வேண்டாம். பெயரும் இங்கே எழுத மாட்டேன்.

மணி பெரியப்பா: பிரிவு 74. பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

ரேவதி சித்தி: ஐயோ, நான் ஒன்றும் கேட்கவில்லை 🙏

கார்த்தி அண்ணன்: உத்திரத்தன்று குரூப் போட்டோ எடுப்போமே, அது?

மீனா அக்கா: எடு. பேஸ்புக்கில் ஏற்றாதே. நீதான் ஏற்றுவாய்.

நான்: கட்டிலுக்கு வருவோமா? நாளைக்கு ஞாயிறு.

சரோஜா பெரியம்மா: தச்சநல்லூரில் கேட்டேன். அவர்கள் அதன் மேல் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். தரமாட்டோம் என்று சொல்லவில்லை, தருகிறோம் என்றும் சொல்லவில்லை.

செல்வம் சித்தப்பா: ஒரு கட்டிலுக்கு ஏன் இவ்வளவு. புதிதாக வாங்கச் சொல், பணம் அனுப்புகிறேன்.

வசந்தா அத்தை: பணம் வேண்டாம் தம்பி. நீ ஒரு எட்டு வந்து போ. நாம் பேச வேண்டியதும் இருக்கிறது.

செல்வம் சித்தப்பா: பார்க்கிறேன் அக்கா. அடுத்த வெள்ளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுகிறது. தட்கலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரேவதி சித்தி: எனக்கும் சேர்த்துப் போடுங்கள்

கார்த்தி அண்ணன்: 17 சீட் சொல்லிவிட்டேன். குறைந்தால் என்னைத் திட்டக் கூடாது.