படிவத்தில் 'மார்ஜின்': என்ன எழுதுவது? உதவி தேவை

பல்லாவரம்_வாசகி:
வணக்கம். எங்கள் மகளிர் குழுவுக்காக ஓர் ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ஜின் என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அகராதியில் ஓரம், விளிம்பு, கரை என்றுதான் இருக்கிறது. எதைப் போட்டாலும் வாக்கியம் பொருந்தவில்லை. சரியான சொல்லைச் சொல்லுங்கள். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

ஆவடி_ஆசிரியை:
என்ன படிவம் அம்மா? முழு வாக்கியத்தையும் இங்கே இடுங்கள். நோட்டின் இடப்பக்கம் கோடு போட்டு விடுகிற இடமும் மார்ஜின்தான். தேர்தல் செய்தியில் அதுவே வாக்கு வித்தியாசம், கருத்துக்கணிப்பில் பிழை வரம்பு. அதன் அடியாகப் பிறந்த மார்ஜினல், பொருளியல் பாடத்தில் 'இறுதிநிலை' ஆகிவிடுகிறது: நான்காவது தோசை தரும் நிறைவு மூன்றாவது தந்ததைவிடக் குறைவு என்று நான் வகுப்பில் சொல்வது, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைத்தான்.

மயிலை_சொல்லாய்வன்:
அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்பது நல்லது என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். மார்கோ என்ற லத்தீன் சொல்லுக்கு விளிம்பு என்று பொருள், அதுவே வேர். விளிம்புநிலை மக்கள் என்று எழுதுகிறோம் அல்லவா? அவ்வாறே மூன்று இடங்களிலும் விளிம்பு என்று எழுதுங்கள்.

குன்றத்தூர்_உழவன்:
ஐயா, இரண்டரை ஏக்கர் வரை நிலம் உள்ளவரை ஆங்கிலத்தில் மார்ஜினல் ஃபார்மர் என்கிறார்கள். தாலுகா அலுவலகச் சான்றிதழில் அவர் குறு விவசாயி. விளிம்பு விவசாயி என்று எழுதினால், வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பவர் என்றுதான் நினைப்பார்கள்.

பாரிமுனை_வியாபாரி:
மகளிர் குழு என்றால் விற்பனைதான். ஆகவே இலாபம் என்று எழுதுங்கள். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் 25 சதவீத மார்ஜின்.

கணக்காளர்_திநகர்:
நீங்கள் சொல்வது மார்க்கப். அது வாங்கிய விலையின் மேல் போடுவது. மார்ஜினை விற்ற விலையின் மேல் கணக்கிட வேண்டும் என்பதால், இங்கே அது 20 சதவீதம்தான்.

பாரிமுனை_வியாபாரி:
எங்கள் கடையில் அப்பா காலத்திலிருந்தே கொள்முதல் விலையின் மேல்தான் மார்ஜின் பேசுகிறோம். படித்தவர்கள் வேறு பெயர் வைத்தால் அதற்கு நாங்கள் என்ன செய்வது?

கணக்காளர்_திநகர்:
பேசுவது உங்கள் விருப்பம். ஆனால் 10 ரூபாய்ப் பொருளை 30 ரூபாய்க்கு விற்றால் மார்க்கப் 200 சதவீதம் ஆகும். மார்ஜினோ, பொருள் உங்களுக்கு இலவசமாகவே கிடைத்தாலும் நூறைத் தாண்டாது. இரண்டையும் கலந்தால் விலைப்புள்ளி தருகிற இடத்தில் கை சுட்டுக்கொள்வீர்கள்.

ஆவடி_ஆசிரியை:
கேட்டவர் வாக்கியத்தையே இன்னும் தரவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

பல்லாவரம்_வாசகி:
வங்கிக் கடன் படிவம். தையல் இயந்திரத்துக்கு. "மார்ஜின் 25 சதவீதம்" என்று மட்டும் இருக்கிறது.

அண்ணாநகர்_ஓய்வு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை சுற்று தேவைப்பட்டிருக்காது. வங்கியில் நாங்கள் மார்ஜின் மணி என்போம்: வாங்கும் பொருளின் விலையில் கடன் கேட்பவர் தம் கையிலிருந்து போட வேண்டிய தொகை. இயந்திரங்களின் விலை 4 லட்சம், மார்ஜின் 25 சதவீதம் என்றால், குழு 1 லட்சம் போட வேண்டும், வங்கி 3 லட்சம் தரும். விளிம்புத் தொகை என்று சில அச்சுப் படிவங்களில் இருப்பது உண்மைதான்; ஆனால் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்று கவுன்ட்டரில் வந்து கேட்பவர்களே அதிகம்.

மயிலை_சொல்லாய்வன்:
விளிம்புத் தொகை என்று அச்சாகியிருக்கிறது என்றால், நான் சொன்னதுதானே அது?

பல்லாவரம்_வாசகி:
"விண்ணப்பதாரரின் பங்கு" என்று மூன்று இடங்களிலும் எழுதிவிட்டேன். நன்றி.

அண்ணாநகர்_ஓய்வு:
இயந்திரக் கடனுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த மூன்றில் ஒன்று சரக்கிருப்புப் பட்டியலுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. அங்கே மார்ஜின் என்பது, இருப்பிலுள்ள துணியின் மதிப்பில் வங்கி கழித்துக்கொள்ளும் பகுதி. அதே 25 சதவீதம் என்றால், 8 லட்சத்துக்குத் துணி இருந்தால் 6 லட்சம் வரைதான் கடன் எடுக்க முடியும். அந்த இடத்தில் பங்கு என்று எழுதினால், தனியாக 2 லட்சம் கட்ட வேண்டுமோ என்று குழுவினர் கலங்கிவிடுவார்கள். எந்தெந்தப் பத்தியில் வருகிறது?