ஜாயின் ஆயிடுச்சு, டேட்டா மட்டும் வரல: ஆர்எஸ்485 லோரா கன்வர்ட்டரோட மல்லுக்கட்டின கதைகள்

பேனல்போர்டு திருப்பூர்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறைல எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பாக்கறேன். எங்ககிட்ட எனர்ஜி மீட்டர் மொத்தம் அஞ்சு, மெயின் பேனல்ல ரெண்டு, கம்ப்ரசர் ரூம்ல ஒண்ணு, பாய்லர் பக்கம் ஒண்ணு, கடைசில கெணத்து மோட்டார் ரூம்ல ஒண்ணு. தெனமும் காலைல ஒரு தம்பி நோட்டு எடுத்துட்டு போய் யூனிட்ட எழுதிட்டு வருவான். ஓனருக்கு அத செல்போன்ல பாக்கோணும்னு ஆச வந்துருச்சு. ஒயர் இழுக்கலாம்னா நடுவுல லாரி ஓடற ரோடு, சாயத்தண்ணி போற பைப்பு, தோண்டவே முடியாது. அப்பத்தான் ஆர்எஸ்485-ல (மீட்டர்லேர்ந்து டேட்டா வர்ற ரெண்டு ஒயர் லைனு) வாங்கி லோராவேன்ல (ஒயர் இல்லாம ரொம்ப தூரம் போற ரேடியோ) அனுப்பற கன்வர்ட்டர் பத்தி கேள்விப்பட்டு ரெண்டு பெட்டி வாங்குனோம், கேட்வேய (பெட்டி சொல்றத கேட்டு சர்வருக்கு தள்ளி விடறது) தண்ணி டேங்க் மேல ஏத்துனோம்.

மொத நாளு பூரா ஜாயினே ஆகல, அதாவது பெட்டிய நெட்வொர்க் உள்ள சேத்துக்கவே இல்ல. ஸ்டிக்கர்ல இருக்கற மூணு நம்பரயும், அதாங்க பெட்டியோட அடையாளமும் சாவியுமான டெவ் ஈயூஐ, ஆப் ஈயூஐ, ஆப் கீ, நாலு தடவ சரி பாத்தாச்சு. கடைசில பாத்தா பெட்டி யூரோப் பேண்டுல 868 மெகாஹெர்ட்ஸ்ல கத்திட்டு இருக்கு, நம்ம கேட்வே இந்தியா பேண்டுல 865.0625, 865.4025, 865.985 இந்த மூணுல காத குடுத்து உக்காந்திருக்கு. ரெண்டு பேரும் பேசுனா தானே? பேண்ட மாத்தினதும் ரெண்டே நிமிசத்துல ஜாயின். ஓனருக்கு போன் பண்ணி சொல்லிட்டேன், அதான் நான் பண்ண தப்பு.

ஏன்னா அப்லிங்க் (பெட்டிலேர்ந்து சர்வருக்கு போற மெசேஜ்) வருது, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா டான்னு வருது, ஆனா உள்ள பேட்டரி வோல்டேஜ தவிர ஒண்ணுமில்ல. சர்வர்ல பச்ச லைட் எரியுது, ஃப்ரேம் கவுண்டர் (மெசேஜ் எண்ணிக்கை) ஏறுது, மீட்டர் ரீடிங் மட்டும் காணோம். ரெண்டு நாள் கேட்வேயவும் ஆன்டெனாவயும் திட்டிட்டு இருந்தேன். அப்புறந்தான் மண்டைல ஏறுச்சு, காத்துல போற வேல நல்லாத்தான் நடக்குது, சிக்கல் அந்த ரெண்டு ஒயர்லதான்னு. இந்த பெட்டிக்கு மீட்டர்னா என்னன்னே தெரியாதுங்க. நாம எழுதி வெச்ச பைட்ட ஒயர்ல தள்ளும், திரும்பி வர்றதுல நாம சொன்ன எடத்த மட்டும் வெட்டி எடுத்து அனுப்பும், அவ்ளோதான் அதுக்கு தெரிஞ்சது.

சரின்னு யுஎஸ்பி 485 ஸ்டிக் ஒண்ணு வாங்கிட்டு வந்து லேப்டாப்ப நேரா மீட்டர்ல மாட்டுனேன். அதுலயும் பதில் வரல. மீட்டர் மெனுவுக்குள்ள போய் பாத்தா ஸ்பீடு 9600 சரிதான், பாரிட்டி (பைட்டு சரியா வந்துச்சான்னு பாக்கற பிட்டு) மட்டும் ஈவன்ல கெடக்கு. நம்ம பெட்டி பாரிட்டி இல்லாம போகுது. அத மாத்துனா பதில் வந்துச்சு, ஆனா 01 83 02-ன்னு வருது. மீட்டர் பேசற மோட்பஸ் பாஷைல 83-ன்னா நாம கேட்ட 03-ஓட (ரிஜிஸ்டர், அதாவது ரீடிங் இருக்கற எடத்த படிக்கற கட்டளை) 80 சேந்து வர்றது, அப்டி வந்தா மீட்டர் கோவமா இருக்குன்னு அர்த்தம், பின்னாடி வர்ற 02-க்கு "நீ கேக்கற அட்ரஸ் எங்கிட்ட இல்ல"ன்னு அர்த்தம். மேனுவல்ல 30001-ன்னு போட்டிருந்தாங்க. 3-ல ஆரம்பிச்சா இன்புட் ரிஜிஸ்டர், அதுக்கு 03 இல்ல, 04-தான் போடோணும், அட்ரஸ் 30001 இல்ல, வெறும் 0. இத யாரும் மேனுவல்ல சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுக்குவாங்க போல.

லேப்டாப்புல 01 04 00 00 00 02 71 சிபி-ன்னு போச்சு, ஒம்போது பைட்டு பதில் வந்துச்சு, சந்தோசம். அந்த லாக்க அப்டியே காப்பி பண்ணி பெட்டியோட மொத கமாண்ட்ல ஒட்டுனேன். மறுபடியும் ஒண்ணுமில்ல! லேப்டாப்ல வருது, பெட்டில வரல, ஒரே ஒயரு, ஒரே மீட்டரு, ராத்திரி பதினொண்ணு மணி, ஜெட் மிசின் சத்தம் வேற, எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. காரணம் என்னன்னா கடைசில இருக்கற 71 சிபி-தான் சிஆர்சி, அதாவது மெசேஜ் கெடாம வந்துச்சான்னு பாக்கற ரெண்டு பைட்டு. பெட்டில கமாண்டுக்கு பின்னாடி கமா போட்டு 1-ன்னு வெச்சா அதுவே சிஆர்சி போட்டுக்கும். நான் அந்த 1-யும் வெச்சு, சிஆர்சியவும் கையில குடுத்து, ரெண்டு தடவ போயிருக்கு. மீட்டர் அத குப்பைன்னு நெனச்சு வாயே தெறக்கல. 71 சிபிய அழிச்சேன், வந்துருச்சு.

வெட்டற எடம் அடுத்தது. ஒம்போது பைட்டுல மொதல் மூணு அட்ரஸ், ஃபங்ஷன், எத்தன பைட்டுங்கற எண்ணிக்கை, கடைசி ரெண்டு சிஆர்சி, நடுவுல 4-லேர்ந்து 7 வரைக்கும் தான் சரக்கு. அதனால டேட்டாகட்ல (பெட்டிக்கு வெட்டற எடத்த சொல்ற செட்டிங்) 9, 2, 4~7. இத போட்டதும் சர்வர்ல 43 66 00 00 வந்துச்சு. ஆஹான்னு டேஷ்போர்ட தெறந்தா ஆர் ஃபேஸ் வோல்டேஜ் 1130758144. நூத்திப் பதிமூணு கோடி வோல்ட்டு! வேற மீட்டருக்கு எழுதின டீகோடர (பைட்ட நம்பரா மாத்தற கோடு) எடுத்து போட்டிருந்தேன், அது நாலு பைட்டயும் முழு எண்ணா சேத்து படிச்சிருக்கு. ஃப்ளோட்டா (புள்ளி வெச்ச எண்ணா) படிச்சா அதே 43 66 00 00 சரியா 230.0. ஓனரு அந்த கோடி கணக்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னும் வெச்சிருக்காரு.

உங்க கதையையும் சொல்லுங்க.

தென்னந்தோப்பு:

அண்ணா நீங்க பாரிட்டிய கண்டுபிடிச்சீங்க, நான் அதுக்கும் முன்னாடியே விழுந்தேன். பொள்ளாச்சி பக்கம் எங்க தோப்புல மண் ஈரம் பாக்கற சென்சார் ரெண்டு, ஒரே பேட்டரி கன்வர்ட்டர்ல மாட்டினேன். தனித்தனியா மாட்டுனா ரெண்டும் ரீடிங் குடுக்குது, சேத்து மாட்டுனா ரெண்டுமே செத்துருது. நான் ஒயர் போச்சு, மழைத்தண்ணி எறங்கிருச்சுன்னு ஜாயின்ட்ட பிரிச்சு பிரிச்சு ஒட்டிட்டு இருந்தேன், எங்க அப்பா பக்கத்துல நின்னுட்டு "வெரல விட்டு தோண்டி பாத்தா தெரியாதா ஈரம்"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. கடைசில பாத்தா கம்பெனிலேர்ந்து வரும்போதே ரெண்டுக்கும் அட்ரஸ் 1. பேர சொல்லி கூப்டா ரெண்டு பேரும் ஒண்ணா பதில் சொல்றாங்க, ஒயர்ல ரெண்டும் மோதி குழம்பிருது. ஒண்ண தனியா லேப்டாப்ல மாட்டி 06-ல (எழுதற கட்டளை) அட்ரஸ 2-ன்னு எழுதினேன், சரியாச்சு. எங்கிட்ட இருக்கற சென்சார்ல அந்த அட்ரஸ் 07டி0-ல இருக்கு, உங்களுது வேற எடத்துல இருக்கலாம், மேனுவல பாருங்க.

இன்னொண்ணு, பேட்டரி மாடல் வாங்கறவங்களுக்கு. பெட்டி எப்பவும் சென்சாருக்கு கரண்டு குடுக்காது, படிக்கற நேரத்துல மட்டும் குடுக்கும். நம்ம சென்சாரு முழிச்சு கண்ண கசக்கறதுக்குள்ள பெட்டி கேள்விய கேட்டு முடிச்சிருது. கரண்டு குடுத்ததுக்கும் கேள்விக்கும் நடுவுல ரெண்டு செகண்டு வெச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு ஒழுங்கா வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வரும், மூணு தடவ வராது, பேய் புடிச்ச மாதிரி.

அம்பத்தூர் ஒயரிங்:

என்னோடது கன்ஃபிகரேஷன் தப்பு இல்ல, கணக்குத் தப்பு. ஒரு அபார்ட்மெண்ட்ல மொட்டமாடி டேங்க் லெவல் பாக்க 485 அல்ட்ராசோனிக் சென்சார் போட்டோம். அரை மணிக்கு ஒரு தடவ வந்துட்டு இருந்துச்சு, அசோசியேஷன்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வேணும்னாங்க. மாடி ஏற சோம்பேறித்தனம், வீட்லேர்ந்தே டவுன்லிங்க் (சர்வர்லேர்ந்து பெட்டிக்கு போற மெசேஜ்) அனுப்பிடலாம்னு. அந்த பெட்டிக்கு 01 போட்டு பின்னாடி செகண்ட மூணு பைட்டுல குடுக்கணும். 600 செகண்டு தானே, 01 00 06 00 அடிச்சு விட்டேன்.

அது ஹெக்ஸுங்க, பதினாறு பதினாறா எண்ற கணக்கு. 0600-ன்னா 1536 செகண்டு, அதாவது இருவத்தஞ்சரை நிமிஷத்துக்கு மேல. 600-க்கு 02 58 போடணும். அன்னிக்கு பாத்து மோட்டார் போட்டவங்க டேஷ்போர்ட நம்பி உக்காந்துட்டாங்க, டேங்க் ரொம்பி மேல்மாடி வீட்டு பால்கனில கொட்டி காயப்போட்ட வத்தல் எல்லாம் நனைஞ்சு, அந்த அக்கா எனக்கு போன்ல குடுத்த டவுன்லிங்க் இருக்கே, அத டீகோட் பண்ண வேண்டியதே இல்ல.

அதுக்கு மேல இன்னொரு கூத்து. திருத்தி 01 00 02 58 அனுப்பினேன், எதுவும் நடக்கல, திரும்ப அனுப்பினேன், திரும்ப, அஞ்சு தடவ. கிளாஸ் ஏ (பேட்டரிய மிச்சம் பண்ற வகை) டிவைஸ், அது பேசி முடிச்சதுக்கு அப்புறம் ஒரு செகண்டு கழிச்சு ஒரு தடவ, ரெண்டு செகண்டு கழிச்சு ஒரு தடவ, அவ்ளோதான் காத தெறக்கும். மத்த நேரம் தூக்கம். அதனால நான் அனுப்பினது எல்லாம் அடுத்த அப்லிங்க் வர்ற வரைக்கும் சர்வர்ல வரிசைல நின்னுச்சு, அப்புறம் ஒவ்வொரு அப்லிங்க்குக்கும் ஒண்ணு ஒண்ணா இறங்குச்சு. மெயின்ஸ் கரண்டுல ஓடற கிளாஸ் சி பெட்டியா இருந்தா அப்பவே கேட்டிருக்கும்.

சிங்கை கட்டட வேலை:

நான் சிங்கப்பூர்ல கட்டடப் பராமரிப்புல இருக்கேன், இங்க பேண்டு 920லேர்ந்து 925 வரைக்கும், ஏஎஸ்923. சில்லர் தண்ணி லைன்ல பிடியு மீட்டர்ல (எவ்வளவு குளிர்ச்சி செலவாகுதுன்னு அளக்கறது) மாட்டியிருந்தோம், ஒரு வருஷம் கிட்ட நல்லா ஓடுச்சு. ஒரு நாள் யாரோ பெட்டிய ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டாங்க. கீ எல்லாம் அதே, பேண்டும் அதே, ஜாயின் ரிக்வெஸ்ட் சர்வர் வரைக்கும் வருது, சர்வர் மட்டும் ஏத்துக்கல. லாக்க தோண்டி பாத்தா டெவ்நான்ஸ் (ஒவ்வொரு ஜாயினுக்கும் பெட்டி அனுப்பற புது எண்) ஏற்கனவே வந்த நம்பர்னு சொல்லுது. ரீசெட்ல அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு போயிடுச்சு, சர்வர் பழைய நம்பர்களை எல்லாம் ஞாபகம் வச்சிருக்கு, யாரோ பழைய பாக்கெட்டை ரெக்கார்ட் பண்ணி திரும்ப விடறான்னு நினைச்சு தள்ளுது. பாதுகாப்புக்காக வச்ச விஷயம் தான், ஆனா நமக்கே பூட்டு. சர்வர்ல அந்த டிவைஸோட நான்ஸ அழிச்சதும் உடனே உள்ள வந்துடுச்சு. இதுக்கு அரை நாள் போச்சு, மூணு பேரோட அரை நாள்.

அம்பத்தூர் ஒயரிங்:

ஆமா இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், தி திங்ஸ் நெட்வொர்க் (லோராவேன் சர்வர்) இலவசமா யூஸ் பண்றவங்க ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ எல்லாம் வெக்காதீங்க. ஒரு நோடுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 30 செகண்டு தான் காத்துல பேசலாம், டவுன்லிங்க் பத்து மெசேஜ். எஸ்எஃப்12-ல (தூரம் போறதுக்காக ரொம்ப மெதுவா பேசற செட்டிங்) சின்ன பாக்கெட்டே ஒரு செகண்டுக்கு மேல எடுத்துக்கும், கணக்கு போட்டுக்கோங்க.

பேனல்போர்டு திருப்பூர்:

எல்லாரோடதும் படிச்சேன், மனசு கொஞ்சம் லேசாச்சுங்க. நம்ம கதை இன்னும் முடியல, மிச்சத்த சொல்லிடறேன்.

பாய்லர் பக்க மீட்டரு வேற கம்பெனி. அதுல வோல்டேஜ் கேட்டா 0.000 வருது, ஆனா டிஸ்ப்ளேல 230 காட்டுது. பைட்ட பாத்தா 00 00 43 66. அதாவது முன்பாதி பின்பாதி மாறி உக்காந்திருக்கு. ஃப்ளோட்டா படிச்சா பூஜ்யத்துக்கு பக்கத்துல எங்கியோ ஒரு நம்பரு. டீகோடர்ல அந்த மீட்டருக்கு மட்டும் ரெண்டு ரெண்டு பைட்டா மாத்தி போட்டேன், சரியாச்சு.

கம்ப்ரசர் ரூம்ல வேற விதம். பகல்ல மிசின் ஓடறப்ப ரீடிங் வராது, மதியம் சாப்பாட்டு நேரத்துல மட்டும் வரும். எங்காளு ஒருத்தன் "மீட்டரு சாப்பாட்டுக்கு கெளம்புனாத்தான் பேசும் போல"ன்னான். 485 ஒயர விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்தற டிரைவ்) அவுட்புட் கேபிளோட ஒரே டக்டுல ஒண்ணா கட்டி வெச்சிருந்தாங்க, கட்டினது யாருன்னு நான் சொல்லல, நான்தான். தனியா பிரிச்சு, முறுக்கின ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்ட ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணி, லைனோட ரெண்டு முனைலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் வெச்சேன். இருவது மீட்டருக்கு 120 ஓம்ஸ் தேவையான்னு கேக்காதீங்க, வெச்சதுக்கு அப்புறம் கழட்ட தைரியம் வரல. ஏ, பி ஒயர் விசயமும் சொல்லிடறேன், ஒரு கம்பெனிக்கு ஏ-ன்னா இன்னொரு கம்பெனிக்கு பி, பதில் வரலைன்னா வேற எதயும் தொடறதுக்கு முன்னாடி மாத்தி மாட்டி பாருங்க, புகையெல்லாம் வராது.

கடைசியா கெணத்து மோட்டார் ரூமு. அதுதான் ரொம்ப தூரம், நடுவுல ரெண்டு பில்டிங், எப்பவும் எஸ்எஃப்12-லதான் ஓடுது. ஓனருக்கு எல்லாமே வேணும்னாரு, வோல்டேஜ், ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர், கிலோவாட், மொத்தம் பதினாறு ரீடிங். ஒண்ணுக்கு நாலு பைட்டு, 64 ஆச்சு. எஸ்எஃப்12-ல நம்ம பேண்டுக்கு ஒரு தடவைக்கு 51 பைட்டு தான் போகும். பக்கத்துல மேசைல வெச்சு டெஸ்ட் பண்றப்ப எஸ்எஃப்7-ல எல்லாம் அழகா போச்சு, கெணத்துக்கு கொண்டு போய் மாட்டினதும் போச்சு. பெட்டில ஒவ்வொரு கமாண்டையும் தனித்தனி அப்லிங்க்கா பிரிச்சு அனுப்பற ஆப்ஷன் இருக்கு, அத போட்டு, அப்புறம் யோசிச்சு பாத்து பதினாற அஞ்சா கொறச்சு, கால் மணி நேரத்துக்கு ஒருக்கான்னு வெச்சேன். கெணத்து மோட்டாரோட பவர் ஃபேக்டர யாரு பாக்க போறாங்க?

இப்ப அஞ்சும் வருது. ஆனாலும் அந்த தம்பி இன்னும் நோட்டு எடுத்துட்டு போறான், ஒரு மாசம் ரெண்டும் ஒத்துப் போகோணும்னு ஓனரு சொல்லிட்டாரு. நேத்து காலைல நோட்டுல 48212, செல்போன்ல 48212.3. அந்த பாயிண்ட் மூணு எங்கிருந்துய்யா வந்துச்சுன்னு கேட்டு கூப்பிட்டிருக்காரு, போய் சொல்லிட்டு வர்றேன்.