செக் இருந்தால் பயமில்லையாம்! வேகன் ஆரைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்

ராயபுரம் 13:
நேற்று வியாசை 39 இங்கே எழுதியது: “பழைய கார் கன்சல்டிங் கடையில் வண்டியைக் கொடுத்தால் பாக்கிக்கு செக் வாங்கிக்கொள், அது பவுன்ஸ் ஆனால் ஒரே மாதத்தில் ஆள் உள்ளே, பணம் வெளியே.” படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 2023 ஆடியில் என் 2012 மாடல் வேகன் ஆரை மூலக்கடைப் பக்கம் ஒரு கன்சல்டிங்கில் விட்டேன். பேசிய விலை 2,35,000. கையில் ஐம்பதாயிரம், மீதி 1,85,000க்கு செக். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார், நானும் மடையன் மாதிரி போட்டேன். செக் பணமில்லை என்று திரும்பி வந்தது. 22ஆம் நாள் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் செக் பவுன்ஸுக்கான 138ஆம் பிரிவு வழக்கு. ஸ்டேஷனுக்குப் போனால் “இது சிவில் மேட்டர் சார்”. கோர்ட்டில் இதுவரை பதினான்கு வாய்தா. சம்மன் போனால் கதவு பூட்டியிருக்கிறதாம், ஆனால் அதே ஆள் அதே ஷெட்டில் தினமும் கார் துடைக்கிறார், நான் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். பெயரும் இன்னும் மாறவில்லை. சீட் பெல்ட் போடவில்லை என்று 1,000 ரூபாய் அபராதம் எனக்கு வருகிறது. எந்த ஒரு மாதம், எந்த உள்ளே?

பெரம்பூர் 11:
தம்பி, கதை எல்லாம் சரி. 22ஆம் நாள் நோட்டீஸ் அனுப்பினேன் என்கிறீர்களே, அங்கேயே கேஸ் செத்துவிட்டது. செக் திரும்பினால் 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். 15 நாள். உங்கள் வக்கீல் இதைச் சொல்லவில்லையா?

வியாசை 39:
நான் சொன்னதை அரைகுறையாகப் போட்டிருக்கிறார் ராயபுரம். செக்கோடு ஸ்டாம்பு பேப்பரும் வாங்கச் சொன்னேன். வண்டியைக் கொடுக்கும்போது நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போது நம்மைத் திட்டுகிறார்.

ராயபுரம் 13:
ஸ்டாம்பு பேப்பர் என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை. மேலே போய் நீங்களே படியுங்கள்.

தண்டையார்பேட்டை 81:
பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலை பார்க்கிறேன், வாரத்துக்கு நான்கு 138 நோட்டீஸாவது என் கையால் போகும். பெரம்பூர் ஐயா, 15 நாள் இல்லை, 30 நாள். பேங்க் திருப்பிய தகவல் நமக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். அது எதிராளி கைக்குப் போனதிலிருந்து அவர் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. ராயபுரம் அண்ணாவின் 22ஆம் நாள் நோட்டீஸ் செல்லும்.

பெரம்பூர் 11:
பார்த்தீர்களா, 15 நாள் என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். நான் காற்றில் பேசவில்லை. 1998இல் என் பத்மினி காரை மிண்ட் பக்கம் ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன், 42,000க்கு செக். பவுன்ஸ். என் வக்கீல் “நாளை மறுநாளோடு 15 நாள் முடிகிறது, ஓடு” என்றார். ரயில்வே லோகோவில் ஷிஃப்ட் முடித்துவிட்டு கிரீஸ் கையோடு சைக்கிளில் தபால் ஆபீஸுக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் பலகையைச் சாத்தப் போனார், நான் கையை உள்ளே வைத்துவிட்டேன். கவரில் இரண்டு விரல் கறுப்பாகப் பதிந்தது. 14ஆம் நாள் சாயங்காலம் ரிஜிஸ்டர் தபால், ஏ.டி. என்கிற ஒப்புகைக் கார்டோடு. அந்தக் கார்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. என்னிடம் வந்து 30 நாள் என்கிறார்கள்.

வியாசை 39:
பெரியவரே, அந்த 42,000 வந்ததா?

கொடுங்கையூர் 118:
நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கன்சல்டிங் என்றாலே திருடன் என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு யார் செக் கொடுப்பது? பார்ட்டி லோன் போட்டிருக்கிறேன் என்று வண்டியை எடுத்துப் போவார், லோன் ரிஜெக்ட் ஆகும், வண்டியும் வராது, போனும் எடுக்க மாட்டார். அப்படி இரண்டு வண்டி எனக்கு வெளியே நிற்கிறது. ராயபுரம் சார் சொல்லாத இன்னொன்றும் இருக்கும். 2012 மாடல் என்றால் 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கும், அதனால் அந்தக் கடைக்காரர் பணத்தைப் பிடித்திருப்பார்.

ராயபுரம் 13:
என் தெருவில் தண்ணீர் முட்டிக்கு மேல் ஏறவில்லை, வண்டி அன்றைக்கு மச்சான் வீட்டு மேட்டில் நின்றது. சந்தேகம் இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டியதுதானே, சேறு கோடு போட்டிருக்கும், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும். வாங்கும்போது நாலு பேர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், ஒருவரும் வெள்ளம் என்று சொல்லவில்லை. பணம் கேட்டதும் வெள்ளம் வந்துவிட்டதா?

வியாசை 39:
கொடுங்கையூர் அண்ணே, உங்கள் ஷெட்டில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் மலிவாக வந்த வண்டிகளின் சீட் பெல்ட்டையும் இழுத்துக் காட்டுங்கள். என் சித்தப்பாவுக்கு விற்ற ஐ10 ஞாபகம் இருக்கிறதா? மிதியடியைத் தூக்கினால் மீன் மார்க்கெட் வாடை. மீட்டர் மட்டும் 38,000 கிலோமீட்டர், பெடல் ரப்பரோ வழுக்கையாகத் தேய்ந்திருக்கிறது.

கொடுங்கையூர் 118:
உன் சித்தப்பா அந்த வண்டிக்கு இன்னும் பத்தாயிரம் பாக்கி. அதை முதலில் எழுது. வியாசர்பாடிக்காரன் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறான், கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழை பெய்தால் படகு விடலாம்.

வியாசை 39:
கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் ஏரியாவைச் சொல்கிறீர்களா? சூப்பர். பத்தாயிரம், மீன் வாடைக்குக் கழித்தது.

தண்டையார்பேட்டை 81:
ஊர்ச் சண்டையை அப்புறம் போடுங்கள். பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டு, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. வண்டியை ஒப்படைத்ததை ஃபார்ம் 29சியில் தெரிவித்துவிட்டால் அதன்பின் பொறுப்பு டீலருடையது. கொடுங்கையூர் சார், அந்தச் சான்று உங்களிடம் இருக்கிறதா?

கொடுங்கையூர் 118:
தொழில் செய்பவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் மேடம்.

தண்டையார்பேட்டை 81:
கேட்டது சான்று.

பெரம்பூர் 11:
சான்று, வெள்ளம் எல்லாம் இருக்கட்டும், நான் சொன்ன 15 நாளுக்கு இன்னும் ஒருவரும் சரியான பதில் சொல்லவில்லை. நோட்டீஸ் தாமதம் என்றால் எதிராளி வக்கீல் எழுந்து நின்று ஒரே வார்த்தையில் கேஸை முடித்துவிடுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சட்டம் படிக்க நேரமில்லை, போனில் பார்த்ததை எழுதுகிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் ரயில்வேயில் இருந்தவன், யூனியன் வழக்குக்கே கோர்ட் ஏறியவன், எனக்குத் தேதி தெரியும். 15.

தண்டையார்பேட்டை 81:
ஐயா, நீங்கள் அன்று செய்தது சரி. 1998இல் 15 நாள்தான் இருந்தது. 2002இல் சட்டத்தைத் திருத்தி, 2003 பிப்ரவரியிலிருந்து 30 நாள் ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கு 30.

பெரம்பூர் 11:
அப்போது நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறீர்கள். சந்தோஷம்.

ராயபுரம் 13:
ஐயா, என் செக் 2023!

பெரம்பூர் 11:
வருடம் மாறலாம் தம்பி, எச்சரிக்கையாக இருப்பவன் 15 நாளுக்குள் அனுப்பிவிடுவான். நீங்கள் 22 நாள் என்ன செய்தீர்கள்?

ராயபுரம் 13:
“திங்கட்கிழமை தருகிறேன்” என்றார், நம்பினேன். மூன்று திங்கட்கிழமை. மூன்றாவது திங்கட்கிழமை டீயும் வாங்கிக் கொடுத்தார், அதற்கு நான்தான் காசு கொடுத்தேன்.

வியாசை 39:
பெரியவரே, 42,000 வந்ததா இல்லையா? இரண்டாவது தடவை கேட்கிறேன்.

தண்டையார்பேட்டை 81:
ராயபுரம் அண்ணா, அதே சட்டத்தின் 143ஏ பிரிவில் இடைக்காலமாகச் செக் தொகையில் 20 சதவீதம் வரை கேட்கலாம், ஆனால் எதிராளி கோர்ட்டுக்கு வந்து குற்றச்சாட்டை மறுத்த பிறகுதான். அதனால் முதலில் ஆள் வர வேண்டும், வாரண்டுக்கு மனு போடச் சொல்லுங்கள். மூன்று வருடத்துக்குள் பணத்துக்குத் தனியாக சிவில் வழக்கும் போடலாம். கோர்ட் ஃபீஸ் இப்போது மூன்று சதவீதம்தான், 2017க்கு முன்னால் ஏழரை. உங்கள் தொகைக்கு 5,550 ரூபாய். அதைவிட அவசரம், வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. விபத்து நடந்தால் நஷ்டஈடு ஆர்சியில் பெயர் இருப்பவர் தலையில்தான், 2018இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆர்டிஓவுக்கு எழுதிக் கொடுங்கள், ஃபாஸ்டேக்கையும் மூடுங்கள்.

ராயபுரம் 13:
எழுதிக் கொடுக்கிறேன் அம்மா. ஃபாஸ்டேக்கை மட்டும் மூட மனம் வரவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்வது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் நல்லூர் டோல், அப்புறம் சூளூர்பேட்டை, ஞாயிறு ராத்திரி திரும்ப நல்லூர். பேலன்ஸ் குறைந்தால் நானே நூறு ரூபாய் போடுகிறேன்.

கொடுங்கையூர் 118:
அப்படியென்றால் வண்டி நல்ல கண்டிஷனில்தான் ஓடுகிறது. வெள்ள வண்டி என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை, இருக்கும் என்றுதான் சொன்னேன்.

வியாசை 39:
பாவம் ராயபுரம். என்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டால் நானே நாலு பசங்களோடு வந்து ஷெட்டில் உட்காருகிறேன்.

தண்டையார்பேட்டை 81:
அது கட்டப்பஞ்சாயத்து. அப்புறம் கேஸ் இவர் மேல் வரும்.

ராயபுரம் 13:
மன்னிப்பா? “ஒரே மாதத்தில் உள்ளே” என்று எழுதியதை முதலில் அழியுங்கள்.

வியாசை 39:
அழிக்க மாட்டேன். பொதுவாகச் சொன்னது.

பெரம்பூர் 11:
42,000 பற்றிக் கேட்கிறார்கள். அது வேறு விஷயம். அந்த ஆள் 2001இல் காலமாகிவிட்டார். ஆனால் என் நோட்டீஸில் ஒரு குறை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் 14ஆம் நாள் அனுப்பினேன். நாளைக்குப் பெட்டியைத் திறந்து ஏ.டி. கார்டைப் போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன், முத்திரையில் தேதியைப் பாருங்கள்.

ராயபுரம் 13:
இப்போது மெசேஜ் வந்தது. நல்லூர் டோல். இன்று புதன்கிழமைதானே?