காரோ-கான் ஆடுபவரிடம் வெள்ளைக்கு ஏதாவது கிடைக்குமா? எல்லாம் டிராவில் முடிகிறது

கேள்வி: பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் செஸ் ரேபிட் (குறைந்த நேர) போட்டிகளில் ஆடுகிறேன். ரேட்டிங் 1500-ஐ ஒட்டி நிற்கிறது. வெள்ளை கிடைத்தால் எப்போதும் 1.இ4 தான். சிசிலியன் (கறுப்பின் பதில் 1...சி5) வந்தால் பிடிக்கும், 1...இ5 வந்தாலும் ஆட்டம் சூடாகத்தான் போகும். 1...சி6, அதாவது காரோ-கான் தற்காப்பு, வந்துவிட்டால் மட்டும் உப்புச் சப்பில்லாமல் போய்விடுகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது அதைத்தான் ஆடுகிறார்கள்.

நான் ஆடும் லைன், அதாவது நகர்வு வரிசை, இது (கட்டங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றே எழுதுகிறேன்; × என்றால் வெட்டு, எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு):

1.இ4 சி6 2.டி4 டி5 3.குதிரை சி3 டி×இ4 4.குதிரை×இ4 பிஷப் எஃப்5 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை எஃப்3 குதிரை டி7 8.எச்5 பிஷப் எச்7 9.பிஷப் டி3 பிஷப்×டி3 10.ராணி×டி3 இ6

இதுவரை தடுமாற்றம் இல்லை. அப்புறம் நான் ராஜா பக்கம் கேஸ்லிங் (ராஜாவை ஓரமாக நகர்த்தி யானையை அதன் மறுபக்கம் வைக்கும் நகர்வு) செய்வேன். கறுப்பும் குதிரை எஃப்6, பிஷப் இ7, கேஸ்லிங் என்று நிதானமாக வந்து, நேரம் பார்த்து சி5 தள்ளுவார். டி4 சிப்பாய் மாறும், டி வரிசையில் யானைகள் மாறும். கடைசியில் என் எச்5 சிப்பாயைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிடும். வீட்டுக்கு வந்து ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினில் போட்டால், பத்தாவது நகர்வில் வெள்ளைக்குக் கொஞ்சம் மேல் என்றுதான் காட்டுகிறது. அந்தக் கொஞ்சம் எங்கே இருக்கிறது, அதை எப்படி வளர்ப்பது என்பதுதான் புரியவில்லை.

வேலைக்குப் போகிறவன், படிக்க நேரம் குறைவு. 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி யாராவது வழி சொன்னால் உதவியாக இருக்கும். சிப்பாயைக் கொடுத்துவிட்டு ஆடும் கேம்பிட் மட்டும் வேண்டாம்.

பதில்: ஓசூர், பயிற்சியாளர்

தம்பி, உங்கள் லைனில் கோளாறு இல்லை, கேஸ்லிங்கில்தான் இருக்கிறது. எச்5 வரை சிப்பாயைத் தள்ளிவிட்டு ராஜாவை அதே பக்கம் வைத்தால், அந்தச் சிப்பாய்க்கு வேலையே இல்லை. எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) கறுப்பு அதைத்தான் குறிவைப்பார். 11.பிஷப் எஃப்4, பிறகு ராணி பக்கம் கேஸ்லிங். கறுப்பு ராஜா ஜி8-க்குப் போனால் ஜி4, ஜி5 என்று தள்ளிக் கோட்டையைத் திறக்க எச்5 உதவும். சி5 வருவதற்கு முன்பே குதிரை இ5-ல் உட்கார வேண்டும். 11...ராணி ஏ5 செக் வந்தால் 12.பிஷப் டி2 பிஷப் பி4 13.சி3 பிஷப் இ7 14.சி4. இது பழகிய பாதை, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரோ-கானில் இருபது நகர்வுக்குள் வெற்றி தேடுகிற வெள்ளைக்குத்தான் டிரா வருகிறது. இந்தத் தற்காப்பில் கறுப்புக்கு இரண்டே ஆசைகள்: வெள்ளைக் கட்ட பிஷப்பை வெளியே கொண்டுவருவது, காய்களை மாற்றி இடநெருக்கடியைத் தீர்ப்பது. இரண்டையும் நாமே செய்து கொடுக்காமல் இருந்தால் போதும். என்ஜின் காட்டும் கொஞ்சம் என்பது இடம்தான். காய்கள் பலகையில் இருக்கும்வரைதான் இடத்துக்கு மதிப்பு.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது 3.இ5. பிரிட்டன் கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட் பிரபலமாக்கிய அமைதியான முறை: 3...பிஷப் எஃப்5 4.குதிரை எஃப்3 இ6 5.பிஷப் இ2. இங்கே 4.பிஷப் டி3 ஆடத்தான் எல்லோருக்கும் கை போகும். வேண்டாம். அப்படி ஆடினால் பிஷப்கள் மாறும், கறுப்பு இ6 ஆடி நிம்மதியாக மூச்சுவிடுவார்.

5.பிஷப் இ2-க்குப் பிறகு இரண்டு பாதைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

5...குதிரை டி7 6.கேஸ்லிங் குதிரை இ7 வந்தால் 7.குதிரை எச்4. பிஷப் எங்கே போனாலும் அடுத்து குதிரை டி2. பிஷப் ஜி6 போனால் உடனே வெட்ட வேண்டாம், எச்×ஜி6 என்று அவருக்கு எச் வரிசை திறக்கும். நம் குதிரை அங்கேயே இருந்து உறுத்தட்டும். மெதுவாக சி3, எஃப்4.

5...சி5 வந்தால் 6.பிஷப் இ3 சி×டி4 7.குதிரை×டி4 குதிரை இ7 8.குதிரை டி2 குதிரை பி-சி6 (பி8-ல் இருக்கும் குதிரை) 9.குதிரை 2-எஃப்3 (டி2-ல் இருக்கும் குதிரை). டி4 பலமாகிறது, இ5-க்கும் காவல். இந்த நிலையில் கறுப்பு பெரும்பாலும் எஃப்5 பிஷப்பை ஜி4 கொண்டுபோய்க் குதிரையோடு மாற்றுவார். அதற்குப் பிறகு இரண்டு பிஷப்களும் நம்மிடம் இருக்கும், நீளமான ஆட்டத்துக்கு அது நல்ல சொத்து. ஆறாவது நகர்வில் ராணி பி6 வந்து பி2-ஐப் பார்த்தால் 7.குதிரை சி3. ராணி பி2-ஐ வெட்டினால் 8.ராணி பி1. ராணிகள் மாறியதும் நம் யானை பி வரிசையில் இறங்கி பி7-ஐப் பார்க்கும்.

பதில்: காவேரிப்பட்டணம்

நான் கறுப்பில் காரோ-கான் மட்டுமே ஆடுபவள். எதிர்முனையிலிருந்து சொல்கிறேன்.

ஓசூர் சார் சொன்ன ஷார்ட் முறை நல்லதுதான், ஆனால் எனக்கு அதில் தலைவலி கிடையாது. ஐந்தாவது நகர்வில் சி5 தயாராக வைத்திருப்பேன், பிறகு வருவதெல்லாம் பழகிய நிலைகள். எனக்குப் பிடிக்காதது 3.இ5 பிஷப் எஃப்5 4.எச்4. ரேபிட்டில் இதைப் பார்த்தால் முதல் நிமிடமே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பழக்க தோஷத்தில் 4...இ6 ஆடினால் கதை முடிந்தது: 5.ஜி4 பிஷப் இ4 6.எஃப்3 பிஷப் ஜி6 7.எச்5, பிஷப்புக்குப் போக்கிடம் இல்லை. 4...எச்6 ஆடினால் 5.ஜி4. இங்கே பிஷப் எச்7 போனால் 6.இ6 என்று சிப்பாயைக் கொடுத்து மூச்சை அடைத்துவிடுவார்கள். 6...எஃப்×இ6 7.பிஷப் டி3 பிஷப்×டி3 8.ராணி×டி3, ஜி6-ல் செக் காத்திருக்கிறது. அதனால் 5...பிஷப் டி7 என்று பின்வாங்க வேண்டும். வெளியே கொண்டுவந்த பிஷப்பை நானே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன் என்றால் இந்தத் தற்காப்பை ஆடியதன் பயன் என்ன?

அதனால் பெரும்பாலும் 4...எச்5 ஆடுவோம். அதற்கும் விலை உண்டு. எச்7 சிப்பாய் நகர்ந்துவிட்டதால் ஜி5-ல் வந்து உட்காரும் வெள்ளை பிஷப்பை எச்6 ஆடி விரட்ட முடியாது. எஃப்6 ஒன்றுதான் வழி, அதை ஆடினால் இ6 தளர்ந்துவிடும். வெள்ளை 5.சி4 ஆடுவார், 5...இ6 6.குதிரை சி3 குதிரை இ7 7.குதிரை ஜி-இ2. அடுத்து அந்தக் குதிரை ஜி3 வந்தால் எஃப்5 பிஷப்பையும் எச்5 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தொடும். பி7-க்குக் காவலாக இருந்த பிஷப்பும் வெளியே போய்விட்டதால் ராணி பி3 எப்போது வரும் என்ற பயம் வேறு.

தம்பி கேம்பிட் வேண்டாம் என்றார். 6.இ6 ஒன்றைத் தவிர இதில் எங்கேயும் சிப்பாயைக் கொடுக்கத் தேவையில்லை. அந்த ஒன்றுக்கும் உடனே பலன் தெரியும்.

பதில்: ஊத்தங்கரை, ஆசிரியர்

நேரம் இல்லை என்கிறவருக்கு இவ்வளவு தியரியா? நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு எக்ஸ்சேஞ்ச் முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். 3.இ×டி5 சி×டி5 4.பிஷப் டி3. எஃப்5 கட்டத்தை முன்கூட்டியே அடைத்துவிடுவதால் அந்தப் பிஷப்புக்கு வேறு வழி தேட வேண்டும். 1970-ல் பெல்கிரேடில் சோவியத் அணியும் உலக அணியும் மோதியபோது, பாபி பிஷர் முன்னாள் உலகச் சாம்பியன் பெட்ரோசியனை முதல் ஆட்டத்திலேயே இதை வைத்துத்தான் வென்றார். 4...குதிரை சி6 5.சி3 குதிரை எஃப்6 6.பிஷப் எஃப்4 பிஷப் ஜி4 7.ராணி பி3. பெட்ரோசியன் குதிரையை ஏ5-க்கு அனுப்பினார், ராணி ஏ4 செக் வந்ததும் பிஷப் டி7 என்று பின்வாங்க வேண்டியதாயிற்று. பெட்ரோசியனைவிட உறுதியான தற்காப்புக்காரர் யார்?

திட்டமும் எளிது. இ வரிசை பாதி திறந்திருக்கிறது, குதிரைக்கு இ5, யானைக்கு இ1. கறுப்பு பி5, பி4 என்று ராணி பக்கம் வருவதற்குள் ராஜா பக்கம் நாம் போய்விட வேண்டும்.

பதில்: காவேரிப்பட்டணம்

சார், மன்னிக்கணும். ஏழாவது நகர்வில் ராணி டி7 ஆடினால் கறுப்புக்கு ஒரு சிரமமும் இல்லை. இன்று காரோ-கான் படிக்கும் பிள்ளை முதலில் கற்பதே அதைத்தான். பாலக்கோட்டுத் தம்பிக்கு டிராதான் பிரச்சினை. எக்ஸ்சேஞ்சில் இரண்டு சிப்பாய்கள் மூன்றாம் நகர்விலேயே போய்விடுகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்குத் திட்டத்தோடு ஆடக் கற்றுத்தர இது அருமையான முறை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பதில்: அரூர்

ஒரு சின்னப் பொறியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2.டி4 ஆடாமல் 2.குதிரை சி3 டி5 3.குதிரை எஃப்3 ஆடுங்கள். கிளாசிக்கல் (தம்பி மேலே போட்ட 4...பிஷப் எஃப்5 லைன்) ஆடிப் பழகியவர் யோசிக்காமல் 3...டி×இ4 4.குதிரை×இ4 பிஷப் எஃப்5 என்று வருவார். இங்கே அது தவறு. 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4 எச்6 7.குதிரை இ5 பிஷப் எச்7 8.ராணி எச்5 ஜி6 9.பிஷப் சி4. ராணியை வெட்டினால் 10.பிஷப்×எஃப்7 மேட். 9...இ6 என்று தப்பித்தாலும் 10.ராணி இ2, அடுத்து எஃப்7-ல் குதிரையைக் கொடுத்து உடைக்கும் மிரட்டல் நிற்கும். 10...குதிரை எஃப்6 என்ற இயல்பான நகர்வுகூட 11.குதிரை×எஃப்7 ராஜா×எஃப்7 12.ராணி×இ6 செக், ராஜா ஜி7 13.ராணி எஃப்7 மேட் என்று முடியும்.

விஷயம் தெரிந்தவர் நாலாவது நகர்வில் குதிரை எஃப்6 ஆடுவார், அல்லது அதற்கு முன்பே பிஷப் ஜி4 ஆடுவார். அப்போதும் நமக்கு நஷ்டம் இல்லை, சாதாரண ஆட்டம். நகர்வு வரிசை மாறினால் உறுதியான தற்காப்பும் ஆடிப்போகும். 1997 மே மாதம் ஐபிஎம்-மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டருடன் நடந்த கடைசி ஆட்டத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவே காரோ-கானில் ஏழாவது நகர்வில் எச்6 தள்ளினார். எட்டாவதில் கம்ப்யூட்டர் இ6-ல் குதிரையைக் கொடுத்தது. பத்தொன்பது நகர்வில் ஆட்டம் முடிந்தது.

கேட்டவர்: பாலக்கோடு

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி. ராணி பக்கம் கேஸ்லிங் செய்து பழைய லைனை லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் ஆடிப் பார்த்தேன், ஆட்டத்தின் நிறமே மாறிவிட்டது. ஆனாலும் 3.இ5 பக்கம்தான் மனம் போகிறது. அக்கா சொன்ன 4.எச்4-ஐ எடுத்துக்கொள்கிறேன். ஜி5 கட்டத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதைப் படித்த பிறகு எதற்காக எச்4 என்று தெளிவாகிவிட்டது.

ஒரே சந்தேகம். இரண்டு பேர் பிஷப்பையே நகர்த்தாமல் 3...சி5 என்று உடனே அடித்தார்கள். அதற்கு என்ன செய்வது? சி3 ஆடி டி4-ஐத் தாங்கினேன், கறுப்பு குதிரை சி6, பிஷப் எஃப்5 என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

பதில்: ஓசூர், பயிற்சியாளர்

இது பழைய ஆயுதம். 1961-ல் உலகப் பட்டத்துக்கான மறு போட்டியில் அப்போதைய சாம்பியன் டால் திரும்பத் திரும்ப 3.இ5 ஆடியபோது பாட்வின்னிக் 3...பிஷப் எஃப்5, 3...சி5 இரண்டையுமே ஆடினார். அந்தப் போட்டியில் பட்டத்தையும் திரும்பப் பெற்றார். ஆக, இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில் 4.டி×சி5. அவர் சி சிப்பாயை இரண்டு முறை நகர்த்தியிருக்கிறார், அந்த ஒரு நகர்வு லாபத்தை வைத்து சி5-ஐக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கலாம்.

4...இ6 வந்தால் 5.பிஷப் இ3. குதிரை டி7 வந்து சி5-ஐத் தொட்டால் 6.பிஷப் பி5 என்று அந்தக் குதிரையை நகர முடியாமல் கட்டிவிடுங்கள். சிப்பாய் திரும்பப் போனாலும் கவலை வேண்டாம். இ6 ஆடியதால் அவருடைய வெள்ளைக் கட்ட பிஷப் உள்ளே மாட்டிக்கொண்டது, டி4 கட்டம் நம் குதிரைக்குக் கிடைக்கும். இ5 சிப்பாய்க்கு இப்போது டி4-ன் ஆதரவு இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். குதிரை எஃப்3 சீக்கிரம் வந்துவிட வேண்டும்.

4...குதிரை சி6 வந்தால் 5.குதிரை எஃப்3 பிஷப் ஜி4 6.சி3 இ6 7.பி4. இங்கே அவர் ஏ5 அல்லது ஏ6 ஆடி பி4-ஐ உடைக்கப் பார்ப்பார். அந்த ஒரு இடத்தை மட்டும் வீட்டில் பலகை போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள்.

பதில்: காவேரிப்பட்டணம்

தம்பி, அடுத்த ஞாயிறு போட்டி இல்லை என்றால் ஆன்லைனில் கறுப்பில் நான் உட்காருகிறேன். ஒரு ஆட்டம் 4...எச்5, ஒரு ஆட்டம் 3...சி5. ஆட்டம் முடிந்ததும் நகர்வுகளை இங்கேயே போடுவோம், ஓசூர் சார் பார்த்துச் சொல்லட்டும்.