அப்பாவின் நினைவாகப் பச்சை குத்திக்கொள்ளலாமா?

பிறைவாசி:
அப்பா காலமாகி ஓராண்டு நிறைவடையப் போகிறது. பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் இடையே லாரி ஓட்டியே எங்களைப் படிக்க வைத்தவர் அவர். மாணிக்கம் என்ற அவருடைய பெயரையும், லாரி எண்ணின் இறுதியில் வரும் 36-ஐயும் முன்கையில் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறேன். ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் கடையும் பார்த்துவிட்டேன். வேலை தேடும் வயதில் இது எதற்கு, பிறகு அழிக்க அலைய வேண்டி வரும் என்று அம்மா தடுக்கிறார். இப்போதெல்லாம் லேசரில் எளிதாக அழித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எது உண்மை?

தோல் சிகிச்சை நிலையத் தாதி:
தம்பி, இதில் அம்மா சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கமானது. மை மேல்தோலில் நிற்பதில்லை. அதற்கு அடியிலுள்ள அடுக்கில் இறங்கி, நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்குள் தங்கிவிடுகிறது. லேசர் அந்த மைத்துகள்களைச் சிதறடிக்க மட்டுமே செய்யும். அவற்றை வெளியேற்றுவது உடலின் வேலை என்பதால், ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். பல முறை செய்த பின்னும் நிழல்போல் தடம் எஞ்சுவதுண்டு.

நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தோலின் இயற்கை நிறமியும் லேசர் ஒளியை உறிஞ்சுவதால், அந்த இடம் வெளிறியோ கறுத்தோ போகக்கூடும். இதனால்தான் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கறுப்பு மை அதற்குக் கட்டுப்படும். பச்சையும் மஞ்சளும் எளிதில் அசையா. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால், பச்சை குத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

செந்தூல் அண்ணன்:
தாதி அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் என் தோளில் பாட்டியின் பெயர் இருக்கிறது; அதற்காக நான் வருந்தியதே இல்லை. ஆகவே பெயர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த 36 மட்டும் வேண்டாம், தம்பி. 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தபோது, எண்களையே பெயராகக் கொண்ட 04, 08 ஆகிய கும்பல்களோடு 36-ம் அப்பட்டியலில் இருந்தது. சாலைத் தடுப்பில் நிற்கும் காவலருக்கு உங்கள் அப்பாவின் லாரியைப் பற்றி என்ன தெரியும்? முழுச்சட்டை போட்டு மறைத்துத் திரிவதற்கா நினைவுச் சின்னம்?

பிறைவாசி:
எண்ணை விட்டுவிடுகிறேன், அண்ணா. எனக்குத் தழும்பு புடைக்கும் வழக்கம் இல்லை, அக்கா. பெயரை மட்டும் மேற்கையில் எழுதினால் போதும் என்று தோன்றுகிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அப்படியானால் எழுத்தைக் கவனியுங்கள். பச்சை குத்துபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், புள்ளியைத் தூசி என்று நினைத்து விட்டுவிடுவார். மாணிக்கம் ‘மாணிககம’ ஆகிவிடும். கைப்பேசியிலிருந்து படத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், அச்சிட்டுக் கொண்டுபோங்கள். தோலில் அச்சுப் படிய வைத்ததும், ஊசி படுவதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். சிறிதாக எழுதவும் விடாதீர்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மை சற்றே பரவுவதால், ‘ண’வின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். ஊசி புதிய உறையிலிருந்து உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், கல்லீரல் அழற்சிக் கிருமி அந்த வழியாகப் பரவும். முன்பணம் கட்டியிருந்தாலும் போகட்டும்.