பாட்டியின் கோர்வைப் புடவை: உருக்கவா, திரும்ப நெய்யவா?

வெந்தய நிறம்:
பாட்டியின் கல்யாணப் பட்டு என்னிடம் இருக்கிறது. காஞ்சிபுரம் கோர்வை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி ஊடை நூலில் நெய்து கோர்த்தது; அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. மடித்த இடமெல்லாம் இற்றுப் போய்விட்டது. பழைய பட்டு வாங்குகிறவர் சரிகையை உருக்கி எடுக்க ஒரு விலை சொன்னார். தங்கை வெட்டி லெஹங்கா தைக்கலாம் என்கிறாள். எனக்கோ இதே மாதிரி புதிதாக ஒன்று நெய்யச் சொல்ல ஆசை. என்ன செய்யலாம்?

கணக்குப்புலி:
விற்றுவிடுங்கள். அந்தக் காசோடு கொஞ்சம் போட்டால் அதே நிறத்தில் புதுப் பட்டு கிடைக்கும். ஒரே நாடாவில் (ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் தறிக்கருவி) நெய்த கரையும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் கோர்வை மாதிரிதான் தெரியும். வருடத்துக்கு இரண்டு நாள் கட்டுகிற துணிக்கு எதற்கு இரட்டை விலை?

தறிவீட்டுப் பிள்ளை:
நாலடி தள்ளி சரி, கையில் எடுத்துப் பார்த்தீர்களா? ஒரே நாடா என்றால் ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே நிறம்தான். அதனால் கரையில் உடலின் நிறம் கலங்கலாகத் தெரியும். கோர்வையில் நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் நூலும் கரை நூலும் கொக்கி போட்டுத் திரும்பும். அக்கா, உங்கள் புடவையின் உள்பக்கம் அந்த இணைப்பைத் தடவிப் பாருங்கள், விரலில் மேடாகத் தட்டும். சரிகை ஒன்றை நகத்தால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்தால் அது வெள்ளிச் சரிகை. இதைப் போய் உருக்கக் கொடுப்பதா? மனசு கேட்கவில்லை.

கணக்குப்புலி:
அந்த மூன்றாவது நாடாவை யார் தள்ளினார்கள் என்றும் சொல்லுங்கள் தம்பி. தறியின் எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன்தானே உட்கார்ந்தான்? 1990களில் காஞ்சிபுரத்துக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எவ்வளவு பேச்சு எழுந்தது! அந்த முறையா திரும்ப வரவேண்டும்?

தறிவீட்டுப் பிள்ளை:
உண்மைதான் அண்ணா. ஒன்பது வயதில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். கால் மரத்துப்போகும், தூங்கி விழுந்தால் அப்பா அதட்டுவார். எந்தப் பிள்ளையும் அங்கே உட்காரக்கூடாது. அதற்காக கோர்வையையே விடவேண்டுமா? இப்போது பெரியவர்கள் இரண்டு பேர் நெய்கிறார்கள், பல வீடுகளில் கணவனும் மனைவியும். ஆனால் கூலியை ஒருவர் கணக்கில் கொடுத்தால் அந்த இரண்டாவது ஆள் எப்படி நிலைப்பார்? எங்கள் வீட்டில் தறி நின்றது அதனால்தான். விலை கூடுதலாக இருப்பது அந்த இரண்டாவது கைக்கு.

மாம்பழக் கட்டம்:
திரும்ப நெய்வது புதுசு இல்லை. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி 1937-இல் நெசவு மையம் தொடங்கி, பழைய புடவைகளைப் பார்த்துத்தான் கோர்வைக் கரைகளை நெய்ய வைத்தார். அந்த அகலக் கரைகளை இன்றும் தேடி வாங்குகிறோம். லெஹங்கா மட்டும் வேண்டாம் வெந்தயம். இற்ற பட்டு தையல் இழுப்பைத் தாங்காது, முதல் கல்யாணத்திலேயே கிழியும். என் அத்தை புடவையின் முந்தானையை மட்டும் பருத்தித் துணிமேல் வைத்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

கணக்குப்புலி:
இரண்டாவது ஆளுக்கும் கூலி போகிறது என்றால் என் பேச்சைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நான் பார்த்த கடைகளில் விலைச்சீட்டு கூடுகிறது, நெசவாளிக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. அதைக் கேட்காமல் பழமை, பாரம்பரியம் என்று வாங்குவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தறிவீட்டுப் பிள்ளை:
கேளுங்கள் அண்ணா. எல்லோரும் கேட்கவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும்.

வெந்தய நிறம்:
உள்பக்கம் தடவிப் பார்த்தேன், தட்டுகிறது. சுரண்டினேன், சிவப்பு. விற்கப் போவதில்லை. நல்லதாக இருக்கிற கரையில் ஒரு முழம் வெட்டி மாதிரிக்கு எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் காஞ்சிபுரம் போகிறேன். கூலி எத்தனை பேருக்கு என்றுதான் முதலில் கேட்பேன்.

தறிவீட்டுப் பிள்ளை:
வெட்டாதீர்கள் அக்கா! முழுப் புடவையாகவே எடுத்துப் போங்கள். கரையும் முந்தானையும் சேரும் மூலையைப் பார்த்தால்தான் நெய்கிறவருக்குக் கணக்குப் பிடிபடும்.